சாதம் எவ்வளவு, நடை எவ்வளவு?

ஊசியைக் கண்டால் நோயாளிக்குப் பயம், கேள்வியைக் கண்டால் டாக்டருக்குப் பயம். குடும்ப டாக்டர் தொழில் இந்த இரண்டு பயங்களுக்கு நடுவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸ் பக்கம் இருபது வருடமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மருந்து சொல்வேன். எடை, சாப்பாடு, உடற்பயிற்சி என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் உள்ளங்கை வேர்த்துவிடும். காலேஜில் இந்த மூன்றுக்கும் சேர்த்து எங்களுக்கு ஒரே ஒரு வகுப்பு. அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. சக டாக்டர்களே, சிரிக்காதீர்கள். உங்கள் வகுப்பும் அதே நேரத்தில்தான் நடந்திருக்கும்.

கொஞ்சம்

சேகர் இங்கே ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். ஒரு திருகு மயிரிழை அளவு பருமன் கூடியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுகிற ஆள். அவருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. மாத்திரையைக் கூட்டி எழுதிவிட்டு, எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னேன்: "சாதத்தைக் குறைங்க, நல்லா நடங்க."

"எவ்வளவு மேடம்?" என்றார். "கொஞ்சம் குறைங்க, முடிஞ்ச அளவு நடங்க" என்றேன். "கொஞ்சம்னா எத்தனை கிராம்? நடக்கறது எத்தனை நிமிஷம்? எந்த வேகத்துல?" என்று அடுக்கினார். பிபி மிஷினில் ஏதோ கோளாறு போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடுத்த ஆளுக்கு மணியும் அடித்துவிட்டேன். சேகர் தயங்கித் தயங்கி எழுந்தார்.

"எங்க ஃபாக்டரியில கொஞ்சம்னு ஒரு அளவே கிடையாதே மேடம்."

பிரியாணிக்கு முன்னால்

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தார்நாகாவில் குடும்ப டாக்டர்களுக்கு ஒரு கூட்டம். பின்னால் பிரியாணி மணம், முன்னால் பேச்சாளர். அவர் பேசிவிட்டுப் போயிருந்தால் தப்பித்திருப்போம். கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். வாரத்துக்கு எவ்வளவு நேரம் நடக்கச் சொல்கிறீர்கள்? நம் ஊர் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு எதைத் தாண்டினால் ஆபத்து? அறை முழுக்க டாக்டர்கள். ஒருவர் வாயைத் திறக்க வேண்டுமே!

கடைசியில் அவரே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கூடவே ஒன்று சொன்னார்: சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவரைச் சாதத்தைக் குறைத்து நடக்கச் சொன்னால், மாத்திரையையும் பார்த்துக் குறைக்க வேண்டும்; இல்லாவிட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கி ஆளையே விழுத்தாட்டிவிடும். சேகருக்கு நான் மாத்திரையைக் கூட்டியல்லவா எழுதியிருந்தேன்! போனைக் கையில் எடுத்தேன். எடுத்து என்னவென்று சொல்வது? அன்றைக்கு எனக்குத் தெரியாது என்றா? காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பைக்குள் போட்டேன். பேச்சாளர் அடுத்த கேள்விக்கு ஆள் தேடினார். பக்கத்தில் இருந்த டாக்டர் ரெட்டி, மௌலா அலியில் முப்பது வருட அனுபவஸ்தர், என் காதருகே குனிந்தார்.

"தலையத் தூக்காதீங்க மேடம், உங்களத்தான் பார்க்கறாரு."

திங்கட்கிழமை

காலையில் நான் போன் செய்யும் முன்பே போன் வந்துவிட்டது. சேகரின் மனைவி வசந்தி, செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். "மேடம், வாக்கிங் வந்த இடத்துல இவரு உக்காந்துட்டாரு. வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, ஏதோ உளர்றாரு!" முழுங்க முடிகிறதா என்று கேட்டேன். முடிகிறது என்றார். "டீக்கடையில சர்க்கரை வாங்கித் தண்ணியில கரைச்சு உடனே குடுங்க" என்று கத்திவிட்டு ஆட்டோவில் ஏறினேன். அந்த வழி முழுக்க நான் என்ன நினைத்தேன் என்று கேட்காதீர்கள். இந்த மனுஷன் பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஜெபம் என் வாயில் வரவில்லை.

நான் போனபோது டீக்கடை பெஞ்சில் வெளிறிப்போய், ஆனால் தெளிவாக உட்கார்ந்திருந்தார். "ரெண்டு வாரமா சோறே நக்கோ, வேணவே வேணாம்னுட்டாரு மேடம். ரெண்டு வேளையும் ஓட்டமும் நடையுமா சுத்தறாரு" என்று வசந்தி அழுதார். நான் கொஞ்சம் என்றுதானே சொன்னேன் என்று முனகினேன். சேகர் நிதானமாக என்னைப் பார்த்தார்.

"டிராயிங்ல அளவு போடலன்னா, இருக்கறதுலயே கறாரான அளவ எடுத்துக்கணும், அதான் எங்க ரூல் மேடம்."

டேப்

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். அடுத்த வாரம் கிளினிக்குக்கு வந்தார். இந்த முறை நான் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மாத்திரையைக் குறைத்தேன். டேப் எடுத்து இடுப்பை அளந்தேன். மதியம் ஒரு கப் சாதம், கூடவே பருப்பும் காயும். வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. வாரத்துக்கு நூற்றைம்பது நிமிடம் நடந்தால் போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். அளவு கிடைத்ததில் சேகர் முகம் மலர்ந்தது. எனக்கும் கொஞ்சம் பெருமை வந்தது.

கதவு வரை போனவர் திரும்பினார். "அன்னைக்கு நான் கேட்டப்ப இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா மேடம்?" பிபி மிஷின் எதிரில்தான் இருந்தது. அதைத் தொடவில்லை. "தெரியாது சேகர்" என்றேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"அத அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, நானா ஒரு அளவு போட்டிருக்க மாட்டேனே மேடம்."

இருபது வருடமாக வருகிறவர்களை எல்லாம் "வாயைத் திறங்க, பயப்படாதீங்க" என்று அதட்டி வந்த எனக்கு, என் வாயைத் திறந்து "தெரியாது" என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் இத்தனை பயம்.