இருமலுக்கு மூடிய படலை

என் பிள்ளை மூச்சுக்குத் தவித்ததைக் கண்ணால் பார்த்தேன். கடந்த மார்கழி மழைக்காலம். ஒவ்வொரு மூச்சுக்கும் அவளுடைய விலாவுக்கிடையில் தோல் உள்ளே இழுபட்டது. அழுதாள், சத்தம் வரவில்லை.

பல வருடம் ஜெபித்து, நாற்பது கடந்து பெற்ற மகள் ஹெப்சி. அதனால் சபையில் எல்லோருக்கும் அவள்மேல் உரிமை. செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் மடிக்கு மடி போவாள். தலையில் கைவைத்து ஆசீர்வதித்து, கன்னத்தில் முத்தமிடுவார்கள். அந்த மார்கழியில் ஒரு செவ்வாய் என் கணவரின் அக்கா இருமிக்கொண்டே கொஞ்சினார். மச்சாளுக்கு எப்படி மறுப்பது?

இரண்டொரு நாளில் ஹெப்சிக்குக் காய்ச்சல். பிறகு ஆஸ்பத்திரி, ஒட்சிசன் குழாய். பார்க்க வந்த மச்சாள் கட்டிலடியில் நின்று சொன்னார்: "கிழடான பிறகு பெத்தா இப்பிடித்தான். உங்கட வீட்டில மறைச்ச பாவம் ஏதோ இருக்கு."

டொக்டர் பாவத்தைக் கேட்கவில்லை. "வீட்டுக்கு வாற ஆருக்கு இருமல்?" என்றார். "நியூமோனியா அம்மா. இருமிற ஆக்களைக் கிட்ட விடாதேங்கோ. கை கழுவாமல் ஒருத்தரும் தூக்கக்கூடாது. முத்தமும் வேண்டாம்."

அன்று கட்டிலருகே முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, இவளைத் திருப்பித் தாரும். காப்பாற்ற எங்களுக்குத் துணிவையும் தாரும்."

காய்ச்சல் இறங்கியது. வீட்டுக்கு வந்தோம். அடுத்த செவ்வாய் மச்சாள் வந்தார், அதே இருமலோடு. சீனன்குடாவில் வேலை முடித்து வந்திருந்த என் கணவர் வாசல் படலையடிக்குப் போனார். தன்னை வளர்த்த அக்காவுக்கு ஒருநாளும் எதிர்வார்த்தை பேசாதவர்.

"என்னடா தம்பி, படலை பூட்டியிருக்கு? நான் என்ன கள்ளியா?"

"இருமல் மாறட்டும் அக்கா. அதுவரைக்கும் அங்க நிண்டு ஜெபியுங்கோ. கர்த்தருக்குக் கேக்கும்."

"விசுவாசம் கெட்டவனே! பிள்ளை செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்பாதை!"

என் கணவர் பூட்டில் கைவைத்தபடி நின்றார். ஆனால் படலை திறக்கவில்லை. நான் கேட்ட துணிவை ஆண்டவர் யாருக்குக் கொடுத்தார் என்று அப்போதுதான் கண்டேன்.

மச்சாள் இன்றுவரை எங்களோடு கதைப்பதில்லை. ஆராதனையில் முகத்தைத் திருப்புகிறார். 'பிள்ளை செத்தாலும்' என்ற அந்தச் சொல் நினைவில் வந்தால் இரவில் எழும்புகிறேன். ஹெப்சி நித்திரையில் அசையாமல் கிடந்தால் மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறேன். சூடாக மூச்சு வருகிறது. தேவனுக்கு நன்றி.

அன்பானவர்களே, அவரை நம்பிக் கேளுங்கள். அவர் துணிவைத் தந்தால், உறவு சபித்தாலும் அதைப் பயன்படுத்துங்கள். உங்களுக்கே இருமல் என்றால், தயவுசெய்து ஒரு பிள்ளைக்காகத் தூர நின்று ஜெபியுங்கள்.