மானின் நெஞ்சுக்குப் போகும் கோடு

போன கிழமை பல்கனியில் காய்ந்து கிடந்த பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். மண் நனைந்து ஒரு வாசம் எழும்பியது. உங்களுக்கும் தெரிந்த வாசம்தான். ஆனால் எனக்கு அது ஊரைக் கொண்டுவருவதில்லை. மொன்ட்ரியால் நகரின் வில்லரேயில் ஒரு பேஸ்மென்டையும் ராசன் அண்ணையையும்தான் கொண்டுவருகிறது.

கனடா வந்த புதிதில் அங்கேதான் வேலை. உடைந்த பழைய மண்பாண்டங்களை ஒட்டிக்கொடுக்கும் ஒரு பிரெஞ்சுக்கார மடாமின் பட்டறை. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு பொன்ஜூர், மெர்சி இரண்டும்தான், மிச்சத்துக்குச் சிரிப்பேன். நான் மிகவும் சந்தோசமான பெண் என்று மடாம் கனகாலம் நம்பியிருந்தா. நான் துண்டுகளைக் கழுவுவேன். கிளிநொச்சியில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிய ராசன் அண்ணை, நிறம் உரிந்த இடங்களைத் தொட்டுச் சரிசெய்வார். மடாம் சொல்வதை எனக்குத் தமிழில் சொல்பவரும் அவர்தான். அவருடைய மனிசியும் ஆறு வயது மகள் தாரணியும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். கடைசிச் சண்டை நடந்த மாதங்கள் அவை.

அந்த நேரம்தான் அந்தத் தண்ணீர்ச் சாடி ஒரு பெட்டிக்குள் துண்டு துண்டாக வந்தது. அமெரிக்கப் பாலைநிலத்தில் வாழும் புவெப்ளோ சனங்களின் ஸூனி என்ற ஊரில், நூறு வருசத்துக்கு முந்தி யாரோ ஒரு பெண் செய்தது. சக்கரம் இல்லை. மண்ணைத் திரித்து வளையம் வளையமாக ஏற்றி, வெள்ளை மண் பூசி, கல்லால் தேய்த்து, கற்றாழை மாதிரி ஒரு செடியின் இலை நுனியை மென்று நாராக்கி, அதையே பிரஷாக வைத்துப் படம் கீறுவார்களாம். கழுத்தைச் சுற்றிய கறுப்புக் கோடு ஓரிடத்தில் விட்டிருந்தது. தேய்ந்துபோனது என்று நினைத்தேன். வேண்டுமென்றே திறந்துவிட்ட வாசல் அது என்றா மடாம். வயிற்றில் மான்கள். ஒவ்வொரு மானின் வாயிலிருந்தும் ஒரு சிவப்புக் கோடு உள்ளே போய், நெஞ்சில் அம்பு முனையாக முடிந்தது.

"மூச்சுப் போற பாதை போலை கிடக்கு" என்றார் ராசன் அண்ணை.

ஒட்டி முடித்தபோது ஒரு மானுக்கு மட்டும் நெஞ்சுத் துண்டு இல்லை. மடாம் அந்த இடத்தில் சாந்து நிரப்பி வெறுமனே விட்டா. சாடியின் சொந்தக்காரர் போன் எடுத்து, நெஞ்சையும் கீறித் தரச் சொன்னார். காணாததைக் கீறுவதில்லை என்பது மடாமின் பிடிவாதம். ஆனாலும் மறுத்தால் சாடி வேறு பட்டறைக்குப் போய்விடும். ராசன் அண்ணையைப் பார்த்தா.

"நாளைக்குக் கீறுறன்" என்றார் அவர்.

அன்று பின்னேரம் வவுனியாவிலிருந்து அவருடைய தம்பி போன் எடுத்தார். பங்கருக்கு மேல் ஷெல் விழுந்ததாம். தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

அடுத்த நாள் காலமை அவர் வேலைக்கு வந்தார்.

"வீட்டை போங்கோ அண்ணை" என்றேன்.

"அங்கை போய் என்ன செய்யிறது, தங்கச்சி? எங்கை புதைச்சவை எண்டுகூட ஒருத்தருக்கும் தெரியேல்லையாம்."

பிரஷை எடுத்தார். மானின் வாயிலிருந்து வந்த சிவப்புக் கோட்டில் உரிந்த இடங்களைத் தொட்டுத் தொட்டு, சாந்தின் விளிம்பு மட்டும் வந்தார். அங்கே நிறுத்தினார்.

"இதுக்கு அங்காலை எனக்குத் தெரியாது."

மடாமுக்கு அந்தத் தமிழ் விளங்கியிராது. கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் இருந்தா.

சொந்தக்காரர் வந்தார், பார்த்தார், சாடியைக் கொண்டுபோனார். பேந்து ஒரு விற்பனைக் கண்காட்சியில் அதைக் கண்டேன். வேறு யாரையோ கொண்டு கீறுவித்திருந்தார். எல்லா மானும் ஒரே மாதிரி. நல்ல வேலைதான், எந்த மான் என்று எனக்கே தேட வேண்டியிருந்தது.

ராசன் அண்ணை பிறகு பிரஷ் தொடவில்லை. மொன்ட்ரியால்-நோரில் இருந்துகொண்டு கோழி வெட்டும் தொழிற்சாலைக்குப் போனார். எப்போதாவது போன் எடுப்பேன். "ஓம், இருக்கிறன்" என்பார். கதையோடு கதையாக, தாரணிக்கு இப்ப பத்து வயசு, பன்னிரண்டு வயசு என்பார். நானும் ஓம் என்பேன்.

மடாம் செத்துப்போனா. பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஒரு கார்தெரி, குழந்தைகள் காப்பகம். சின்னப் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வெளியே வருகிறார்கள். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னர் ராசன் அண்ணையும் போய்விட்டார். கடைசியாகக் கதைத்தபோது மகளுக்கு இருபது நடக்கிறது என்றார். அதோடு தாரணிக்கு வயது ஏறுவது நின்றுவிட்டது.