அரை மணி நேரம் மிதக்க விடுங்கள்

உயிரோடு விற்ற சரக்கு செத்துத் திரும்பி வருகிற வியாபாரம் என்னுடையது: ராஜபாளையத்தில் வண்ணமீன் கடை. வீட்டில் தொட்டி வைத்து, காலையில் வயிறு மேலாக மிதக்கும் மீனைப் பார்த்துக் கலங்கியவர்களே, உங்களுக்குத்தான் என் பாடு புரியும்.

வெள்ளிக்கிழமைக் கழுவல்

மடவார் வளாகத்து மாரியம்மா அக்கா சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். "பையை உடனே பிரிக்காதீங்க, அரை மணி நேரம் தொட்டித் தண்ணியில மிதக்க விடுங்க, ரெண்டு தண்ணியோட சூடும் ஒண்ணாகட்டும்" என்று நான் சொன்னால், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அப்படியும் சனிக்கிழமைதோறும் ஒரு தங்கமீன் செத்தது.

விசாரித்தால், வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது தொட்டியையும் கவிழ்த்து, கூழாங்கல்லைக்கூடப் பாத்திரத் தூள் போட்டுத் தேய்த்திருக்கிறார். அந்தக் கல்லில்தான் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியிருக்கின்றன, மீனின் கழிவு விஷமாகாமல் பார்த்துக்கொள்வது அவைதான், கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும் என்று விளக்கினேன். அக்கா முகம் சுளித்தார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுல கிருமி வளக்கச் சொல்லுதீகளே பாய்!"

திருச்செந்தூர்த் தண்ணீர்

ஒரு வழியாக மீன்கள் பிழைத்தன. உடனே மில்லில் வேலை பார்க்கும் அவர் வீட்டுக்காரருக்கு ஆசை வந்துவிட்டது. செல்போனில் பவளப்பாறை மீனைக் காட்டி, அதுதான் வேண்டும் என்றார். அது கடல் மீன், நம் ஊர்த் தண்ணீரில் பிழைக்காது, கடலில் இருப்பது வெறும் உப்பும் இல்லை என்றேன். மறுநாள் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கல்லுப்புக் கரைசல்!

"ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்க பாய், திருச்செந்தூர்ல முங்கும்போது வாய்க்குள்ள போகுமே, அதே ருசி!"

முழங்கை நீள மீன்

பாசி படிந்தால் அக்கா மறுபடியும் தூளைக் கையில் எடுத்துவிடுவாரே என்று, பாசி தின்னும் மீன் ஒன்றைக் கொடுத்தேன். கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்போம். விரல் நீளம்தான் இருந்தது. இது பெரிதாக வளரும் என்று சொன்னேனா? சொல்லவில்லை.

ஒரு வருஷத்தில் முழங்கை நீளம் ஆனதை அக்கா வாளியில் கொண்டுவந்து, ஆக்ஸிஜன் நிரப்பிப் பையில் கட்டச் சொன்னார். சொந்தக்காரர் யாருக்கோ கொடுக்கப் போகிறார் என்று நினைத்து, இரட்டைப் பை போட்டு அக்கறையாகக் கட்டினேன். ஆட்டோ கிளம்பும்போது எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"பாவம், திரும்பக்கூட இடமில்ல. அய்யனார் கோவில் ஆத்துல விட்டுட்டு வாரேன் பாய்!"

இன்னும் பத்து நிமிசம்

அது வெளிநாட்டு மீன். ஆற்றில் பெருகினால் கரையைக் குடைந்து முட்டையிடும். அயிரையும் கெண்டையும் மேய்கிற பாசியை வழித்துவிடும். கவசம் போன்ற அதன் முரட்டுத் தோலைக் கடித்துத் தின்ன அங்கே எதுவும் இல்லை. ஒன்றுதானே என்றும் விட முடியாது, நேற்று இன்னொரு புண்ணியவான் ஜோடியை விட்டிருந்தால்? கடையைப் பக்கத்து டீக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு பைக்கை விரட்டினேன்.

போய்ப் பார்த்தால், அக்கா பாறையில் உட்கார்ந்திருக்கிறார். ஆற்றில் பை மிதக்கிறது, முடிச்சு அவிழாமல்! என்னைப் பார்த்ததும் செல்போனில் மணி பார்த்தார்.

"பதறாதீக பாய், நீங்க சொன்ன அரை மணி நேரத்துல இன்னும் பத்து நிமிசம் கிடக்கு."

பேண்டோடு தண்ணீரில் இறங்கிப் பையை அள்ளிக்கொண்டேன். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அக்கா ஆற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இம்புட்டும் தெரிஞ்சிருந்துமா எனக்கு வித்தீக?"

வெட்கமாகப் போய்விட்டது. அன்றோடு டேங்க் கிளீனர் விற்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் கடையிலேயே பெரிய தொட்டியில் அந்த ஒன்று மட்டும் வாடகையில்லாமல் குடியிருக்கிறது, வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் வந்து அதற்கு இடம் போதுமா என்று என்னைக் கேட்டுவிட்டுப் போகிறார்.