அண்ணனும் அவருடைய லண்டன் டைரக்டரும்

எங்கள் அண்ணன் காலமாகி ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார் பெரியப்பா. அண்ணன் ஆரணியில் பட்டுத்தறி வீட்டில் பிறந்தார். அதற்குப் பிறகு அவருக்கென்று ஒரு வாழ்க்கை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. உளவாளிப் படம் எடுக்கும் ஒரு லண்டன் டைரக்டரின் வாழ்க்கையைத்தான் அவர் வாழ்ந்தார்.

அந்த டைரக்டர் ஸ்டுடியோவில் டீ வாங்கிக் கொடுத்தது, முதல் படம் சுருண்டது, துப்பாக்கியே எடுக்காத உளவாளியை வைத்து ஜெயித்தது, அமெரிக்காவுக்குப் போய்த் தயாரிப்பாளரோடு சண்டை போட்டது, எல்லாம் அண்ணனுக்கு மனப்பாடம். அப்பாவின் மூட்டுவலிக்கு எந்த மருந்து என்று கேட்டால் விழிப்பார். அந்தப் படங்கள் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்தால், நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் உரக்கச் சொல்வார். ஊர் அதை மெச்சியது.

எழுபதுகளில் ஓர் அமாவாசை. தறி ஓடாத நாள் என்பதால் கலசப்பாக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் என்னைப் பிடித்திருந்தது. மாலையில் தாம்பூலம் மாற்றுவதாகப் பேச்சு. அதுவரை சும்மா இருப்பானேன் என்று அண்ணன் எல்லோரையும் மேட்னிக்கு அழைத்துப் போனார். டைரக்டர் பேரைப் பார்த்தாரே தவிர, என்ன படம் என்று யாரையும் கேட்கவில்லை.

அந்த முறை டைரக்டர் உளவாளிகளை விட்டுவிட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையைப் படமாக எடுத்திருந்தார். கதாநாயகி கல்யாண மோதிரத்தைக் கழற்றி எறிந்தாள். மோதிரம் என்றால் நம் ஜனங்களுக்கு உறைக்காதே என்று அண்ணன் கத்தினார்:

"பாருங்க, தாலிய அறுத்து வீசுறா!"

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார்.

"நல்ல காரியம் பேசிகினு இருக்கறப்ப இன்னா வார்த்தைங்க இது? ஜல்தியா கெளம்புங்க எல்லாரும்."

தாம்பூலம் மாற்றாமலே பஸ் ஏறிவிட்டார்கள். படம் முடியும்வரை அண்ணன் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு வந்த வரன்களும் இந்தக் கதையைக் கேட்டு நின்றுபோயின.

கடைசி நாட்களில் அவருக்குக் கஞ்சி ஊட்டியவள் நான்தான். ஒருநாள் தாமாகவே அந்தப் பேச்சை எடுத்தார். நானும் காத்திருந்தேன்.

"அது நல்ல படம்மா. அந்தம்மாவுக்குத்தான் பாக்கத் தெரியல" என்றார்.

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், சந்தவாசல் அத்தை குடும்பத்தாருக்கும், அண்ணன் போன அன்று தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்த தெருக்காரர்களுக்கும் கைகூப்பி நன்றி. போனவரை மன்னித்துவிடு என்கிறீர்கள். அண்ணன் கேட்டிருந்தால் மன்னித்திருப்பேன். அவர் கேட்கவில்லை.