கண்மாயில் கிடைத்த ராஜா இலை

என் தாய்மாமா பொய் சொன்னார். ஒருமுறை அல்ல, இரண்டுமுறை. முதல் பொய்யைச் சொன்னபோது அவர் சின்னப் பையன், அதை விட்டுவிடலாம். இரண்டாவது பொய்யை வளர்ந்து, மீசை வைத்து, சவூதி போய்த் திரும்பி வந்த பிறகு சொன்னார். அதை என்னிடம் சொன்னார். அதை நான் விடுவதாக இல்லை.

அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. எனக்குக் காது குத்தியபோது அவர் மடியில்தான் உட்கார்ந்து அழுதேன். என்மேல் பிரியமாக இருந்தார். அதனால்தான் அவர் சொன்னதை இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை. நாங்கள் காளவாசலில் குடியிருந்தோம். லீவு விட்டால் அம்மா என்னைத் திருமங்கலம் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். அங்கே மாமா சைக்கிளோடு நிற்பார். அங்கிருந்து அம்மாவின் ஊர். அந்த ஊரில் மாமாவும் அத்தையும் இருந்தார்கள். இரண்டு வீடு தள்ளி என் பெரியம்மா இருந்தார். பெரியம்மா மூத்தவர், அடுத்து மாமா, கடைக்குட்டி என் அம்மா.

மாமா சவூதியில் டிரைவர். அந்த வருஷம் வந்தபோது பெட்டியிலிருந்து இரண்டு சாமான்களைப் பெருமையாக வெளியே எடுத்தார். ஒன்று பேரீச்சம்பழ டப்பா. எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் பெரியம்மாவிடம் நீட்டினார்.

“அக்கா, இது இரும்புக்குப் போட்டது இல்ல. துட்டுக் குடுத்து வாங்குனது. தைரியமாத் தின்னு.”

வீடே சிரித்தது. பெரியம்மா எடுக்கவில்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். காபிக்கு அவர் எவ்வளவு சீனி போடுவார் என்று தெரிந்தும் அப்படித்தான் நினைத்தேன்.

சிரிப்புக்குக் காரணம் எனக்குப் பாதி தெரியும். எங்கள் குடும்பத்தில் பெரியம்மாவுக்குப் பட்டப்பெயரே பேரீச்சம்பழம். அந்தக் காலத்தில் சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு ஒருவர் வருவார். பழைய இரும்பு, ஈயம், பித்தளை போட்டால் பேரீச்சம்பழம் தருவார். பெரியம்மா பாவாடை சட்டை போட்ட வயதில் வீட்டு வெள்ளிச் சாமான் ஒன்றை அந்தக் கூடையில் போட்டுப் பழம் வாங்கித் தின்றுவிட்டார் என்பது கதை. கண்ணால் பார்த்த சாட்சி மாமா. என்ன வெள்ளி என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் கல்யாண வீடுகளில் நகைத் தட்டைப் பெரியம்மா கையில் யாரும் கொடுக்கமாட்டார்கள். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா பீரோச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வார். கோபமாக அல்ல, பழக்கமாக. மழை வந்தால் துணி எடுப்பதைப்போல.

இரண்டாவது சாமான்தான் மிஷின். நீளக் கம்பு, அடியில் வட்டத் தட்டு, பிடியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. மண்ணுக்குள் இருக்கிற உலோகத்தைக் கண்டுபிடிக்குமாம். மாமா அதை அத்தையின் தாலிக்கு நேரே நீட்டினார். அது கூவியது. “ஏங்க, கையத் தட்டிவிட்டுப் போட்டுருவேன்” என்று அத்தை கத்தினார். அன்று முதல் ஊரில் அதற்குக் கூவுற கம்பு என்று பெயர்.

கண்மாய் அந்த வருஷம் காய்ந்து கிடந்தது. சாயங்காலமானால் மாமா கம்போடு இறங்குவார், நான் களைக்கொத்தோடு பின்னால் போவேன். முதலில் கிடைத்ததெல்லாம் குப்பை. சோடா மூடி, மாட்டு லாடம், அரிவாள் மூக்கு, சைக்கிள் பெல் மூடி. மாமாவுக்குச் சலித்துப்போனது, எனக்குச் சலிக்கவில்லை. மண்ணுக்குள் இருந்து எது வந்தாலும் அது யாரோ ஒருவர் தேடித் தேடி அலுத்த சாமான் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

நானே சில சட்டங்கள் வகுத்துக்கொண்டேன். இரும்புக்கு மிஷின் உறுமும், வெள்ளிக்குக் கீச்சென்று கத்தும். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் பாவாடைப் பையில் எப்போதும் இருக்கும். ஒட்டினால் இரும்பு, தூக்கிப் போடு. ஒட்டாவிட்டால் நிறத்தைப் பார். பச்சை பிடித்திருந்தால் செம்பு. கறுத்திருந்தால் வெள்ளி. வீட்டுக்கு வந்து பல்பொடி போட்டுத் துணியால் தேய்த்தால் கறுப்புக்குள்ளிருந்து நிலா மாதிரி வெளியே வரும். அப்படி ஒரு மெட்டி வந்தது. அறுந்த கொலுசின் ஒரு துண்டு வந்தது. ஒருநாள் ஒரு ரூபாய்க் காசு வந்தது. தேய்க்கத் தேய்க்க ஒரு மொட்டைத்தலை வெள்ளைக்காரர் தெரிந்தார். “ராஜாத்தா, இங்கிலீஷ்கார ராஜா” என்றார் மாமா. நம் கண்மாய்க்குள் ராஜா படுத்திருக்கிறார் என்று அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தக் காசு வராமல் இருந்திருந்தால் அடுத்த பொய் அவ்வளவு சுலபமாக என்னிடம் செல்லுபடியாகியிருக்காது.

கண்மாய்க்குள் இறங்குகிற இடத்தில் துவைக்கிற கல் ஒன்று கிடந்தது. அதன் அருகே மிஷின் கீச்சென்றது. நான் கொத்தினேன். கையகலம்கூட இல்லாத தட்டையான சாமான் ஒன்று மண்ணோடு வந்தது. காந்தம் ஒட்டவில்லை. கன்னங்கரேல் என்று இருந்தது. வெள்ளி. இலை வடிவம், நுனி கூராக, மேலே மாட்டுவதற்கு ஒரு காது. ஆனால் அந்தக் காதில் மட்டும் பச்சை. உடைந்த காதைச் செம்புக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். என் சட்டத்தில் இதற்கு இடமில்லை. ஒரே சாமானில் கறுப்பும் பச்சையுமா?

மாமா வாங்கி எச்சில் தொட்டுத் தேய்த்தார். ஒரு மயிலின் கழுத்து தெரிந்தது. கம்பியைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“அரசிலை” என்றார். என்னிடம் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து தானாக வந்தது.

“அப்படின்னா என்ன மாமா?”

அவர் என்னைப் பார்த்தார்.

“அரசர் இலைத்தா. ராஜா குடுக்கிற மெடலு. சண்டையில ஜெயிச்சு வர்றவனுக்கு நெஞ்சுல குத்திவிடுறது.”

“அப்ப ஏன் செம்புக் கம்பி போட்டுக் கட்டியிருக்கு?”

“ராஜாவுக்கும் கையில இல்லாத காலம் வருமில்ல?”

எனக்கு அது சரியாகப் பட்டது. ராஜாவின்மேல் இரக்கமாகக்கூட இருந்தது.

பல்பொடி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், பழசு பழசாகவே இருக்கட்டும் என்றார். இன்னும் தேடலாம் என்றேன். பேட்டரி தீர்ந்துவிட்டது என்றார். பிடியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்து என்ன பிரயோஜனம்?

“ஊருக்குள்ள மூச்சு விடாத. கவர்மெண்டுக்குத் தெரிஞ்சா கண்மாயவே தோண்டிப் போட்டுருவாங்க” என்று சொல்லித்தான் கூட்டிவந்தார். முதல் வீட்டு வாசலிலேயே நான் சொல்லிவிட்டேன். விளக்கு வைப்பதற்குள் மாமா வீட்டில் நிற்க இடமில்லை. ராஜா மெடலைக் கையில் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். “இதுக்கு நிலம் குடுப்பாங்களாடா மாப்ள?” என்று ஒருவர் கேட்டார். “மொதல்ல ஒனக்குச் சோறு போடுவாங்களான்னு கேளுண்ணே” என்று இன்னொருவர் சொன்னார். மாமாவும் சிரித்தார். அவர் கண் மட்டும் வாசலிலேயே இருந்தது.

பெரியம்மா வந்தார். நான்தான் ஓடிப்போய் அந்த இலையை அவர் கையில் வைத்தேன். அவர் மயிலைப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் அந்தப் பச்சைக் கம்பியை மெதுவாகத் தடவினார். ஒரு பக்கம் தடவினார், திருப்பி மறுபக்கம் தடவினார். நான் சளசளவென்று சொல்லிக்கொண்டிருந்தேன். ராஜா, சண்டை, நெஞ்சில் குத்துவது, எல்லாம். நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. தலையை நிமிர்த்தி மாமாவைப் பார்த்தார்.

“ராஜாவுக்கு இம்புட்டுச் சின்ன இடுப்பாடா தம்பி?”

வீடு வெடித்துச் சிரித்தது. “இடுப்பு இல்ல மதினி, நெஞ்சுல குத்துறதாம்” என்று அத்தை திருத்தினார். நானும் சிரித்தேன். பெரியம்மா சிரிக்கவில்லை. அந்த இலையை மாமாவிடம் நீட்டினார். நீட்டியவர் விடவில்லை. மாமா ஒரு பக்கம் பிடித்திருக்க, அவர் ஒரு பக்கம் பிடித்திருந்தார். பிறகு விட்டுவிட்டார். “அடுப்புல பருப்புக் கெடக்கு, வாரேன்” என்று போய்விட்டார்.

மாமா இலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மியூசியத்தில் காட்ட வேண்டுமாம். மறுநாள் காலையிலேயே பஸ் ஏறினார். இலை திரும்பி வரவில்லை. கூவுற கம்பும் அதோடு பரணுக்குப் போய்விட்டது. நான் கேட்கும்போதெல்லாம், “கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்காங்கத்தா, கீழ ஒன் பேர எழுதி” என்பார். எட்டாம் வகுப்பில் எங்களை மியூசியத்துக்குக் கூட்டிப்போனபோது ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியிலும் முகத்தை ஒட்டிவைத்து என் பெயரைத் தேடினேன். டீச்சர் காதைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தார்.

பிறகு மறந்துவிட்டேன். மறக்கிற வயதுதானே.

போன மாதம் என் மகளுக்குக் கொலுசு வாங்க அம்மாவோடு வெள்ளிக் கடைக்குப் போனேன். கண்ணாடிக்குக் கீழே அந்த இலை இருந்தது. அதே வடிவம், அதே கூர் நுனி, மேலே காது. புதுசு, பளபளவென்று. என் கை தானாக அதைக் காட்டியது.

“அரசிலைக்கா” என்றாள் கடைப்பெண். “அரச மரத்து இலை மாதிரி இருக்கில்ல, அதான். பொம்பளப் புள்ளைகளுக்கு இடுப்புக் கயித்துல கோத்து முன்னால தொங்கவிடுவாங்க, மானத்த மறைக்க. இப்பல்லாம் யாரும் வாங்குறதில்ல.”

அம்மா சாதாரணமாகச் சொன்னார். “எனக்கும் ஒண்ணு கெடந்துச்சாம். மயிலு போட்டது. காது அத்துப்போயி எங்கப்பா செம்புக் கம்பி முறுக்கிப் போட்டாராம். அதத்தான் ஒங்க பெரியம்மா பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டா.”

கொலுசு வாங்காமல் வெளியே வந்தேன்.

அன்றைக்கே பெரியம்மாவிடம் போனேன். அவர் மறைக்கவில்லை. கண்மாயில் அவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். கைக்குழந்தையாக இருந்த என் அம்மாவைத் தண்ணீரில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது தம்பிதான். குழந்தையின் இடுப்புக் கறுப்புக் கயிறு அறுந்து இலை தண்ணீருக்குள் போயிருக்கிறது. வீட்டில் அடி விழும் என்று தெரிந்ததும் அவன் கரையில் போன பேரீச்சம்பழக்காரரைக் காட்டி, அக்கா அவரிடம் போட்டுவிட்டாள் என்று சொல்லிவிட்டான். அடி அக்காவுக்கு விழுந்தது.

“சின்னப் பய. பயந்துட்டான்” என்றார்.

“மெடல்னு சொன்னப்ப அவரு சின்னப் பயலா பெரியம்மா? அன்னைக்கே நீங்க சொல்லியிருக்கலாம்ல?”

“நான் சொன்னா எவ நம்புவா? பழத்தத் தின்னவ பேச்சாத்தான் இருக்கும். பார்த்தேன்னு சொன்னவன் வாயாலதான் பார்க்கலன்னு வரணும்.”

அவர் சொன்னது சரிதான். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “எங்கண்ணன் பொய் சொல்லாது. அவதான் ஒனக்குச் சொல்லிக்குடுத்திருப்பா” என்றார். கடையில் செம்புக் கம்பியைப் பற்றிச் சொன்ன அதே வாய்.

மாமாவுக்குப் போன் செய்தேன். “பழசை எதுக்குத்தா கெளறுற?” என்றார். பழசைக் கிளறக் கடல் தாண்டி மிஷின் வாங்கிவந்தவர் கேட்கிற கேள்வியா இது?

பெரியம்மா வேடிக்கை பேசினார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அவர் வேடிக்கை பேசுகிறவரே இல்லை. நெஞ்சு என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது அவர் இடுப்பு என்று சொன்னார். தம்பிக்கு வழி விட்டார். அத்தனை பேர் நடுவில், அவனே சொல்லட்டும் என்று இலையை விடாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அது கேள்வி. இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற எனக்கு அது கேள்வி என்றே தெரியவில்லை.

மாமா, நீங்கள் இதை வாசிப்பீர்கள். யாராவது உங்கள் போனுக்கு அனுப்பிவைப்பார்கள். பயந்துபோன பையனிடம் எனக்கு வழக்கில்லை. அந்த இலையை அடையாளம் தெரிந்து பையில் போட்டுக்கொண்டவரிடம்தான் வழக்கு. அது இப்போது எங்கே இருக்கிறது என்பதையும் நீங்களே சொல்ல வேண்டும்.

வருகிற ஆவணியில் குலசாமி கோயிலில் உங்கள் பேத்திக்குக் காதுகுத்து. சொந்தபந்தம் எல்லாம் வரும். மைக் செட்டுக்குச் சொல்லிவிட்டீர்கள் என்று கேள்வி. மொய் வாசிக்கிற மைக்கை யாரிடமும் கொடுக்காமல் நீங்கள்தான் வைத்திருப்பீர்கள். நல்லது. என் அம்மா முன்வரிசையில் இருப்பார். பெரியம்மா வழக்கம்போல நகைத் தட்டுக்குத் தூரமாக, பந்தியருகே நிற்பார். முதல் மொய்யை வாசிப்பதற்கு முன்னால், அதே மைக்கில், ஊர் கேட்க, உங்கள் அக்கா கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

ராஜாவுக்கு இம்புட்டுச் சின்ன இடுப்பா?