பாவாத மலைக்கு வைத்த நேர்ச்சை

கோபம் வந்தால் நஸீறாவின் குரல் உயராது, தாழும். கல்முனையில் பிறந்து, கடலும் வயலுமாகத் தட்டை நிலத்தையே பார்த்து வளர்ந்தவள். மீன்பிடிக்கப் போன கணவன் நளீமின் படகு கரை திரும்பாதபோது, அவர் உயிரோடு வந்தால் ஆதம் நபியின் பாதம் பதிந்த பாவாத மலையில் ஏறி ஓதுவதாக அல்லாஹ்வுக்கு நேர்ச்சை வைத்தாள். படகு வந்து சேர்ந்தது.

தன் கடைக்கு நுவரெலியாவில் மரக்கறி எடுக்கப் போகும் அவளுடைய அண்ணன், காலிதீன் காக்கா, தன் வேனில் கூட்டிப்போனார். வேன் உச்சி வரை ஏறியது. மூடுபனிக்குள் கம்பி வேலியும் அன்டனா கோபுரமும் தெரிந்தன.

“பாதம் உள்ளுக்க இருக்கு. பொம்புளையள உடமாட்டாங்க. இதில நிண்டு ஓது,” என்றார்.

அவளும் அழுது அழுது ஓதிவிட்டு வந்தாள்.

நேற்று மகள் சிபானா சோதனைக்குப் படிக்கப் புவியியல் புத்தகத்தை விரித்தாள். மலைநாட்டின் நடுவே நாட்டிலேயே உயர்ந்த பீதுருதாலகால. அதற்குத் தெற்கே கிரிகல்பொத்தை. மேற்கு ஓரத்தில், ஒதுங்கி, உயரம் குறைந்த பாவாத மலை. பீதுருதாலகாலவின் படத்தில் அதே வேலி, அதே கோபுரம்.

“பாவாத மலைக்கு வேன் போகுமா, மகள்?”

“போகா உம்மா. ஆயிரக்கணக்கில படி ஏறணும்.”

நஸீறாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. காக்காவுக்கு ஆளனுப்பினாள். அவர் வந்து, கூசாமல் சொன்னார்:

“அதவிட இது உசரம். உசரமானதுக்குத்தானே கூட்டிப் போன? என்ன கொறஞ்சி போச்சி?”

கேட்ட சாமான் இல்லையென்றால் வேறொன்றைத் தலையில் கட்டும் கடைக்காரப் புத்தி. அதை அல்லாஹ்வின் கணக்கிலும் காட்டிவிட்டாரே என்று அவளுக்குப் பல்லை நறநறவென்று கடிக்கத் தோன்றியது.

“என்னில பாயாத. உன்ட மாப்பிள்ளதான் அங்க கொண்டு போகச் சொன்ன.”

நஸீறா திரும்பினாள். பின்னால் நின்ற நளீம் நிலத்தைப் பார்த்தார்.

“உன்ட முழங்கால் நோவு, புள்ள. அவ்வளவு படி ஏறினா நீ உழுந்திருவா எண்டு பயம்.”

இரக்கமாம். அவருடைய உயிருக்காக அவள் கொடுத்த வாக்கை, அவளைக் கேட்காமலே இரண்டு ஆண்கள் கூடிக் கதைத்துத் தீர்த்திருக்கிறார்கள். இத்தனை மாதம் அவளும் கடமை முடிந்ததென்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

“நீங்க கடலில கெடந்த நேரம் என்ட முழங்கால ஆரும் கேக்கல்ல,” என்றாள், காதைத் தீட்டினால்தான் கேட்கும் குரலில். “நாளைக்கு பஸ்ஸில போற. நீங்களும் வாங்க. எனக்கு ஏலாத படியில நீங்க என்னத் தூக்குங்க.”