கடைசி ரவுண்டுக்கு முன்னால் எழுந்து போனவர்

பெரிய காஞ்சிபுரத்துக் கொட்டகை ஒன்றில் நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோது, ஒரு இங்கிலீஷ் குத்துச்சண்டைப் படத்துக்கு மூன்று நாள் தொடர்ந்து மேட்னிக்கு வந்தார் ஒரு நெசவாளி. ஒல்லியான ஆள். ஒரு தோள் சற்று இறங்கியிருக்கும். விரல் நுனிகளில் அரக்குச் சாயம்.

எனக்குக் குத்துச்சண்டை வேப்பங்காய். படத்தை விட்டு அவரைத்தான் பார்த்தேன். சண்டை தொடங்கினால் பெஞ்சுக்குக் கீழே அவர் கால்கள் தறி மிதிப்பதுபோல் மாறி மாறி மணலை மிதிக்கும். படத்தின் நாயகனான ஏழை பாக்ஸர் விழுந்தால் நின்றுவிடும். நடுவர் எண்ண ஆரம்பித்ததும், அவன் அசைவதற்கு முன்பே இவர் கால்கள் மெல்ல அசையும். இவர் மிதிப்பதால்தான் அவன் எழுகிறான் என்று இருட்டில் எனக்குத் தோன்றும்.

ஆனால் கடைசி ரவுண்டு வந்தால் எழுந்து போய்விடுவார். மூன்றாம் நாள் வாசலில் கேட்டேன்.

"முடிவு பார்க்காமயே போறீங்களே?"

"தறிக்குப் புதுப் பாவு நூல் வர்ற வரைக்கும் வேலை இல்லப்பா, அதான் வந்துக்கினு இருக்கேன். அடி வாங்கி எழுந்துக்கிற வரைக்கும் அவன் நம்ம ஆளு. ஜெயிச்சுட்டான்னா அவன் யாரோ, நான் யாரோ."

"ஜெயிக்கலீங்க. தோத்துத்தான் போறான்."

என்னையே பார்த்தார். பிறகு விறுவிறுவென்று உள்ளே திரும்பிப் போனார்.

படம் முடிந்து, ஜனம் கலைந்து, விளக்குப் போட்ட பிறகும் அவர் வெள்ளைத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கால்கள் மிதித்துக்கொண்டே இருந்தன. யாரை எழுப்ப என்று நான் கேட்கவில்லை.